மலைப் பொண்ணுக்கு மூச்சு வாங்குது!

"ஏய்... வெள்ளிமலைப் பக்கம் பொறந்தவ நீ! மூணு மாடி ஏறுறதுக்கே இப்படி மூச்சு வாங்குதா?"

போன வருஷம் ஆகஸ்ட் மாசம், ஹாஸ்டல் மாடிப்படியில வெச்சு என் ரூம்மேட்டை நாங்க இப்படித்தான் கலாய்ச்சோம். அவளும் கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டு, சிரிச்சுக்கிட்டே நின்னா. அன்னிக்கு அது செம ஜோக். இன்னிக்கு நினைச்சா சங்கடமா இருக்கு.

நான் கள்ளக்குறிச்சி டவுன். அவ கல்வராயன் மலை. கச்சிராயபாளையம், கோமுகி அணை எல்லாம் தாண்டி, பஸ் வளைஞ்சு வளைஞ்சு ஏறுமே... அந்தப் பக்கம் ஒரு சின்ன ஊர். மேடும் பள்ளமுமா நடந்தே வளர்ந்தவ. ஃபர்ஸ்ட் இயர்ல நாங்க கும்பலா மேகம் அருவிக்குப் போனப்போ, டவுன் பசங்க எல்லாரும் பாறையில உட்கார்ந்து புஸ்ஸு புஸ்ஸுன்னு மூச்சு விட, இவ மட்டும் ஆட்டுக்குட்டி மாதிரி தாவிப் போனா. அப்படிப்பட்டவளுக்கு ஹாஸ்டலோட மூணாவது மாடி எவரெஸ்ட் ஆயிடுச்சு!

ஏழு பிரச்னை... ஏழு காரணம்!

மூச்சு வாங்குறது ஆரம்பம்தான். அடுத்தடுத்து ஒவ்வொண்ணா வந்துச்சு.

மெஸ்ல எங்களைவிட ரெண்டு தோசை ஜாஸ்தி சாப்பிட்டா. ஆனா, மூணு மாசத்துல ஆறு கிலோ குறைஞ்சா. 'உன் டயட் சீக்ரெட் சொல்லுடி'ன்னு பொறாமைப்பட்டோம். லேப்ல சால்டரிங் பண்ணும்போது கை நடுங்குச்சு. 'யாருடி அந்தப் பையன்?'னு கிண்டல் பண்ணினோம். ராத்திரி 2 மணிக்கு முழிச்சு உட்கார்ந்திருந்தா. செமஸ்டர் டென்ஷன்னு முடிவு பண்ணினோம். சீப்புல கொத்துக் கொத்தா முடி. ஹாஸ்டல் போர் தண்ணி! அடிக்கடி பாத்ரூம். மெஸ் சாம்பார்! பீரியட்ஸ் தள்ளித் தள்ளி, அதுவும் கொஞ்சமா வந்துச்சு. ஊர் மாறினதால! சின்ன விஷயத்துக்கெல்லாம் எரிஞ்சு விழுந்தா. 'ரொம்ப மாறிட்டாப்பா'ன்னு ரெண்டு பேர் பேசுறதையே நிறுத்திட்டாங்க.

ஏழு பிரச்னைக்கு ஏழு காரணம் கண்டுபிடிச்ச இன்ஜினீயருங்க நாங்க. ஏழுக்கும் சேர்த்து ஒரே காரணம் இருக்கலாம்னு ஒருத்தர்கூட யோசிக்கலை!

குளிருல வேர்க்குது!

டிசம்பர் லீவுல அவ ஊருக்குப் போயிருந்தேன். மார்கழி மலைக் குளிர் எப்படின்னு போனவங்களுக்குத் தெரியும். நான் ரெண்டு போர்வைக்குள்ள சுருண்டு கிடக்கேன். இவ திண்ணையில உட்கார்ந்து நோட்டை வெச்சு விசிறிக்கிட்டு இருக்கா. தொட்டுப் பார்த்தா உள்ளங்கை சூடா, ஈரமா இருக்கு.

"புள்ளைக்குக் கண்ணு பட்டுடுச்சு. கண்ணே ஒரு மாதிரி முழிக்குது பாரு"ன்னு அவ ஆயா சொன்னாங்க. சுத்திப் போட மிளகாயும் உப்பும் எடுக்கப் போனாங்க. நாங்க சிரிச்சோம். ஆனா, எங்க எல்லாரையும்விட சரியாப் பார்த்தது அந்த ஆயாதான். காலேஜ் ஐ.டி. கார்டுல இருந்த போட்டோவை எடுத்து முகத்துக்குப் பக்கத்துல வெச்சுப் பார்த்தேன். பகீர்னு இருந்துச்சு. கருவிழிக்கு மேல வெள்ளை தெரியுற அளவுக்கு இமை ஏறி இருந்துச்சு. கண்ணு கொஞ்சம் வெளியே தள்ளின மாதிரி வேற.

அன்னிக்கு ராத்திரி அவ அசந்து தூங்கும்போது மணிக்கட்டைப் பிடிச்சு, செல்போன் ஸ்டாப்வாட்ச் வெச்சு எண்ணினேன். நிமிஷத்துக்கு 112! முழிச்சிருந்த எனக்கே 74தான். பரீட்சை பயத்துல படபடக்குற நெஞ்சு தூங்கினா அடங்கிடும். இது அடங்கலை. அப்போதான் எனக்கு முதல் தடவையா பயம் வந்துச்சு.

மறுநாளே பஸ் பிடிச்சு கள்ளக்குறிச்சிக்கு வந்தோம். டாக்டர் பார்த்தது நாலே விஷயம். தண்ணியை வாயில வெச்சு முழுங்கச் சொன்னார். கழுத்துல வழவழன்னு ஒரு வீக்கம் மேல ஏறி இறங்குச்சு. கையை நீட்டச் சொல்லி மேல ஒரு பேப்பரை வெச்சார். பேப்பர் படபடத்துச்சு. கையை ஊன்றாம நாற்காலியில இருந்து எழுந்திருக்கச் சொன்னார். முடியலை. கடைசியா ஸ்டெதஸ்கோப்பைக் கழுத்துல வெச்சுக் கேட்டார். அப்புறம் ரத்தப் பரிசோதனை. ரிசல்ட்ல வந்த பெயர்... கிரேவ்ஸ் நோய். தைராய்டு சுரப்பி ஓவர்டைம் பார்க்கிற நோய்!

கம்மின்னா ஜாஸ்தி!

ரிப்போர்ட்டைப் பார்த்து நாங்க எல்லாருமே குழம்பிட்டோம். டி.எஸ்.ஹெச். 0.01-க்கும் கீழே. நார்மல் சுமார் 0.4-ல் இருந்து 4 வரைக்கும். 'கம்மியாத்தானே இருக்கு? அப்ப தைராய்டு கம்மிதானே?'ன்னு அவங்க அம்மா கேட்டாங்க. நியாயமான கேள்விதான்!

கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் பேப்பர்ல அரியர் வெச்சவங்களும் இதைப் புரிஞ்சுக்கலாம். கழுத்துல பட்டாம்பூச்சி மாதிரி உட்கார்ந்திருக்கிற தைராய்டு, சுமார் 20 கிராம் வெயிட். டி-3, டி-4னு ரெண்டு ஹார்மோனை அது சுரக்குது. உடம்பு எவ்வளவு வேகத்துல ஓடணும்னு தீர்மானிக்கிறது அதுங்கதான். மூளைக்கு அடியில இருக்கிற பிட்யூட்டரிதான் சூப்பர்வைஸர். ஹார்மோன் குறைஞ்சா, டி.எஸ்.ஹெச். அனுப்பி 'இன்னும் வேலை பாரு'ன்னு விரட்டும். ஜாஸ்தியானா டி.எஸ்.ஹெச்.சை நிறுத்திடும்.

கிரேவ்ஸ் நோய்ல என்ன ஆகுதுன்னா... கிருமியை அடிக்க வேண்டிய நம்ம எதிர்ப்பு சக்தி, தப்பா ஒரு ஆன்டிபாடி தயாரிக்குது. அது தைராய்டுல டி.எஸ்.ஹெச். உட்கார வேண்டிய இடத்துல போய் உட்கார்ந்து, 'வேலை பாரு, வேலை பாரு'ன்னு விரட்டிக்கிட்டே இருக்கு. சூப்பர்வைஸர் வாயை மூடியாச்சு (அதான் டி.எஸ்.ஹெச். கம்மி). ஆனாலும் ஃபேக்டரி நிக்கலை. அதனால, டி.எஸ்.ஹெச். ரொம்பக் குறைஞ்சு டி-3, டி-4 ஏறியிருந்தா தைராய்டு ஹார்மோன் ஜாஸ்தின்னு அர்த்தம்.

அயர்லாந்தின் டப்ளின் நகர டாக்டர் ராபர்ட் கிரேவ்ஸ் 1835-ல் இதைப் பற்றி எழுதினார். அதான் அந்தப் பெயர். 1840-ல் ஜெர்மனியின் பேஸ்டோ என்பவரும் எழுதியதால, ஐரோப்பாவின் சில நாடுகள்ல பேஸ்டோ நோய்னும் சொல்றாங்க.

இன்னொரு விஷயம்... கழுத்து வீங்கினாலே 'அயோடின் உப்பு பத்தலை'ன்னு சொல்ற பழக்கம் நம்ம ஊர்ல உண்டு. அயோடின் குறைவால வர்ற வீக்கம் வேற, இது வேற. சாப்பாட்டுக்கு அயோடின் கலக்காத உப்பை விற்க 2006-ல் இருந்தே நாடு முழுக்கத் தடை இருக்கு. இந்த நோய்க்கு அயோடின் மாத்திரை, கடல்பாசி கேப்ஸ்யூல்னு நாமளா வாங்கி முழுங்கினா, எரியுற அடுப்புல எண்ணெய் ஊத்துற கதைதான்!

மோட்டாரா... டேங்க்கா?

இதுல ஒரு ட்விஸ்ட். ஹார்மோன் ஜாஸ்தியா இருந்தா எல்லாமே கிரேவ்ஸ் இல்லை. ஜப்பான் டாக்டர் ஹகாரு ஹஷிமோட்டோ 1912-ல் விவரித்த இன்னொரு தைராய்டு நோய் இருக்கு. இதுவும் சொந்த எதிர்ப்பு சக்தி செய்ற வேலைதான். ஆனா, இங்கே அது சுரப்பியை விரட்டுறதில்லை, உடைக்குது. அப்படி உடையும்போது, சேமிச்சு வெச்சிருந்த ஹார்மோன் சில பேருக்குத் திடீர்னு ரத்தத்துல கொட்டிடும். சில வாரம், சில மாசத்துக்கு அதே படபடப்பு, அதே வேர்வை. ஸ்டாக் தீர்ந்ததும் தலைகீழ். உடம்பு கனத்து, சோர்ந்து, குளிர ஆரம்பிக்கும்.

ஹாஸ்டல் பாஷையில சொன்னா, கிரேவ்ஸ்ல மோட்டாரை ஆஃப் பண்ண முடியலை. ஹஷிமோட்டோல டேங்க்ல விரிசல். ரெண்டுலயும் மாடியில தண்ணி வழியும். ஆனா, டேங்க் விரிசலுக்கு மோட்டாரை நிறுத்துற மாத்திரை கொடுத்துப் பிரயோஜனம் இல்லை. அதனாலதான் டாக்டர்கள் ஆன்டிபாடி டெஸ்ட், சில சமயம் ஸ்கேன் எல்லாம் எடுத்து, எதுன்னு உறுதி பண்ணிக்கிறாங்க. 'என் அத்தைக்கும் தைராய்டுதான்'னு அவங்க மாத்திரையைக் கடன் வாங்கிப் போடுற ஆட்கள், ப்ளீஸ் நோட் பண்ணிக்கோங்க!

ஓட்டப்பந்தய ராணிக்கே இந்தக் கதி!

எங்களுக்குத்தான் தெரியலைன்னு பார்த்தா, அமெரிக்க ஓட்டப்பந்தய வீராங்கனை கெயில் டெவர்ஸ் கதையும் இதேதான். 1988 சியோல் ஒலிம்பிக் சமயத்துலயே அவருக்கு உடம்பு சரியில்லை. எடை குறைஞ்சுது, முடி கொட்டுச்சு, கண்ணுல பிரச்னை. ஆனா, கிரேவ்ஸ் நோய்னு கண்டுபிடிச்சது 1990-ல்தான்! ரேடியோ அயோடின் சிகிச்சை எடுத்தார். 1991-ல் பாதம் வீங்கி, வெடிச்சு, காலையே எடுக்க வேண்டி வருமோங்கிற நிலைமை. தப்பிச்சார். அடுத்த வருஷமே பார்சிலோனா ஒலிம்பிக் 100 மீட்டர்ல தங்கம். 1996 அட்லாண்டாவுல மறுபடியும் அதே 100 மீட்டர்ல தங்கம்! இந்தக் கதையைத்தான் ரூம்மேட்டுக்கு நான் திரும்பத் திரும்பச் சொன்னேன்.

உங்க செக் லிஸ்ட்!

* நல்லா சாப்பிட்டும் எடை குறையுறது
* சும்மா உட்கார்ந்திருக்கும்போதும், தூங்கும்போதும் வேகமான நாடி
* கை விரல் நடுக்கம், சூடான ஈரமான உள்ளங்கை
* மத்தவங்களுக்குக் குளிரும்போது நமக்கு வேர்க்குறது
* படி ஏற, உட்கார்ந்து எழுந்திருக்கத் தொடையில பலம் இல்லாதது
* தூக்கமின்மை, எரிச்சல், படபடப்பு
* அடிக்கடி மலம் கழிக்கிறது, பீரியட்ஸ்ல மாற்றம், முடி கொட்டுறது
* கழுத்து வீக்கம்
* கண்ணுல மண் விழுந்த மாதிரி உறுத்தல், கண் வெளியே தள்ளுறது, ரெண்டு ரெண்டா தெரியுறது

இதுல ஒண்ணு இருந்தா உடனே பயப்படாதீங்க. பரீட்சை நேரத்துல யாருக்குத்தான் தூக்கம் வருது? ஆனா, மூணு நாலு சேர்ந்து, சில வாரமா விடாம இருந்தா, டி.எஸ்.ஹெச். டெஸ்ட் எடுத்துடுங்க. முடி கொட்டுதுன்னு பயோட்டின் மாத்திரை போடுறவங்க டாக்டர்கிட்ட அதை முதல்லயே சொல்லிடுங்க. நோயே இல்லாட்டியும் ரிப்போர்ட்டை அது கிரேவ்ஸ் மாதிரி காட்டிடும். டெஸ்ட்டுக்கு ரெண்டு நாள் முன்னாடியாவது நிறுத்தச் சொல்வாங்க.

பசங்களா, எஸ்கேப் ஆகாதீங்க! பெண்களுக்கு இது அஞ்சு முதல் பத்து மடங்கு அதிகமா வருதுங்கிறது உண்மை. ஆனா, தைராய்டு ஜாஸ்தியான ஆசிய ஆண்கள் சிலருக்குனு தனியா ஒரு ஆபத்து இருக்கு. முந்தின நாள் நல்லா விளையாடிட்டு, ஒரு கட்டு கட்டிட்டுத் தூங்குவாங்க. காலையில எழுந்தா கால் அசையாது. ரத்தத்துல பொட்டாசியம் திடீர்னு இறங்குறதால வர்ற முடக்கம் அது. உடனே ஆஸ்பத்திரிக்குப் போகணும். அப்புறம், கிரேவ்ஸ் நோய்ல சிகரெட் கண் பாதிப்பை இன்னும் மோசமாக்கும்.

மாத்திரையும் மலைப் பாதையும்

சிகிச்சை மூணு வகை. மாத்திரை, ரேடியோ அயோடின், ஆபரேஷன். என் ரூம்மேட்டுக்கு கார்பிமசோல் மாத்திரை. வழக்கமா 12 முதல் 18 மாசம் சாப்பிடணும். ரெண்டு மாசத்துலயே உடம்பு தேறிடும். அங்கேதான் சிக்கலே! 'சரியாயிடுச்சே'ன்னு நிறுத்தினா திரும்ப வந்துடும்.

டாக்டர் சிவப்புப் பேனாவுல எழுதிக் கொடுத்தது இன்னொண்ணு. இந்த மாத்திரை சாப்பிடும்போது காய்ச்சலோட தொண்டை வலி வந்தா, சாதாரணமா எடுத்துக்கக் கூடாது. அபூர்வமா சிலருக்கு வெள்ளை அணுக்கள் சட்டுனு குறைஞ்சுடும். மாத்திரையை நிறுத்திட்டு அன்னிக்கே ரத்தம் டெஸ்ட் பண்ணணும். டவுன்ல இருக்கிற எனக்கு அது ஆட்டோ தூரம். அவளுக்கு மலை இறங்கி வரணும். கஷாயம் போட்டு ரெண்டு நாள் பார்க்கலாம்னு வீட்ல சொன்னா, அந்த ரெண்டு நாள்தான் ஆபத்து. அதனால அந்தச் சீட்டை ஆயா கண்ணுல படுற மாதிரி சுவத்துல ஒட்டி வெச்சிருக்காங்க. 2022-ல் இருந்து கள்ளக்குறிச்சி சிறுவங்கூர்லயே அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது ஒரு தைரியம்.

அவங்க அம்மா கடைசியா, மெல்லிய குரல்ல கேட்டது ஒண்ணுதான். "கல்யாணம், குழந்தையெல்லாம்..?" டாக்டர் சிரிச்சார். தைராய்டு கட்டுக்குள்ள இருந்தா எதுக்கும் தடை இல்லை. குழந்தைக்குத் திட்டமிடும் முன்னாடி டாக்டர்கிட்ட சொல்லணும், அவ்வளவுதான். அப்போ மாத்திரையை மாத்த வேண்டியிருக்கும்.

எட்டு மாசம் ஆச்சு. எடை கூடியிருக்கு. கை நடுங்கலை. கண்ணு இன்னும் பழையபடி முழுசா மாறலை, கண் டாக்டரைப் பார்த்துக்கிட்டு இருக்கா. பேசாம இருந்த ரெண்டு பேரும் வந்து ஸாரி கேட்டாங்க. போன வாரம் மறுபடியும் மேகம் அருவி. முன்னாடி மாதிரி தாவலை. ஆனா, நிதானமா நடந்து எங்களுக்கு முன்னாடி போய் நின்னு, "டவுன்காரிங்களா, சீக்கிரம் வாங்கடி!"ன்னு கத்தினா.

எங்களுக்கு மூச்சு வாங்குச்சு. அவளுக்கு வாங்கலை!

உங்க ரூம்லயும் திடீர்னு 'ரொம்ப மாறிட்ட' ஒரு ஃப்ரெண்ட் இருக்காங்களா? கலாய்க்கிறதுக்கு முன்னாடி, ஒரு நிமிஷம் மணிக்கட்டைப் பிடிச்சு எண்ணிப் பாருங்களேன்!