கேமரா வழியே – 11: முப்பது பேர் கூடிய கல்யாணம்

சென்ற வாரம் ஆயிரம் பேர் வந்துபோகும் மண்டபக் கல்யாணத்தைப் பார்த்தோம். அங்கே மேடையில் டிரடிஷனல் போட்டோகிராபர், வீடியோக்காரர்கள், கிரேன், ட்ரோன் என்று ஒரு படையே நிற்கும். கேண்டிட் எடுப்பவர் கூட்டத்துக்குள் புகுந்து, யார் கண்ணிலும் படாமல் வேலையை முடித்துவிடலாம். சின்னக் கல்யாணத்தில் அதற்கு வழியே கிடையாது. முப்பது பேர் உட்கார்ந்திருக்கும் கூடத்தில் கேமராவோடு ஒருவர் நின்றால் எல்லோரும்தான் பார்ப்பார்கள். மறைந்து நின்று எடுப்பதே கேண்டிட் என்று கற்றுக்கொண்டவர்கள் திணறுவது இங்கேதான். சின்னக் கல்யாணத்தில் கேமராக்காரர் மறையக் கூடாது, பழக வேண்டும். இந்த வாரம் நான் சொல்ல வந்தது இதைத்தான்.

2020 ஊரடங்கில் கல்யாணத்துக்கு 50 பேருக்கு மேல் கூடக் கூடாது என்று விதி வந்தது. மண்டபங்கள் மூடிக்கிடக்க, வாசலில் பந்தல் போட்ட வீட்டுக் கல்யாணங்கள் மறுபடி நடந்தன. விதி போன பிறகும் விரும்பியே அப்படிச் செய்பவர்கள் இருக்கிறார்கள். கோயிலில் தாலி கட்டிவிட்டு வீட்டில் விருந்து வைப்பவர்கள் உண்டு. சுயமரியாதைத் திருமணம் செய்துகொள்பவர்களும் உண்டு. 1967இல் இந்து திருமணச் சட்டத்தில் தமிழக சட்டமன்றம் கொண்டுவந்த திருத்தத்தின்படி, உறவினர் நண்பர் முன்னிலையில் மாலையோ மோதிரமோ மாற்றிக்கொண்டாலும் தாலி கட்டினாலும் அது சட்டப்படி திருமணம்தான், புரோகிதர் தேவையில்லை. வாழ்த்துரைகளைத் தவிர்த்துப் பார்த்தால், அப்படிப்பட்ட திருமணம் சில நிமிடங்களில் முடிந்துவிடும். மாலை மாற்றும்போது லென்ஸ் மாற்றிக்கொண்டிருந்தவருக்கு இன்னொரு வாய்ப்பு கிடைக்காது.

கும்பகோணம் பக்கம் ஒரு கிராமத்தில், முற்றம் வைத்த பழைய வீட்டில் நடந்த கல்யாணம் ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். முதல் நாள் மாலையே போய்விட்டேன். கேமரா கழுத்தில் தொங்கியது. ஆனால் வெகுநேரம் எடுக்கவில்லை. திண்ணையில் உட்கார்ந்து காபி குடித்தேன். யார் அத்தை, யார் சித்தி, யாருக்கு யாரோடு பேச்சு இல்லை என்பதெல்லாம் காதில் விழுந்தது. கூடத்தில் மணப்பெண்ணின் பெரியம்மா பூக் கட்டிக்கொண்டிருந்தார்.

“ஏன் தம்பி, பூக் கட்டுறதையெல்லாமா எடுப்பீங்க?”

“எடுக்கட்டுமாம்மா?”

“எடுங்க, எடுங்க. கை தெரியிற மாதிரி எடுங்க. மருதாணி நல்லா செவந்திருக்கு.”

அதன் பிறகு அந்த வீட்டில் யாரும் கேமராவைப் பொருட்படுத்தவில்லை. பெரியம்மா சம்மதித்துவிட்டார் என்றால் வீடே சம்மதித்த மாதிரிதான். மறுநாள் நான் நெருங்கிப் போய் எடுத்த படங்களுக்கெல்லாம் அடித்தளம் அந்தக் காபிதான்.

இனி வெளிச்சம். முற்றத்து வீடு போட்டோகிராபருக்குக் கிடைத்த வரம். காலை ஆறிலிருந்து ஏழரைக்குள் முகூர்த்தம் என்றால், வெயில் நேராக இறங்காது. வானத்து வெளிச்சம் மட்டும் மெதுவாக வந்து பக்கவாட்டில் முகத்தில் படும். மணையை முற்றத்தின் நடுவில் போடாமல் ஓரத் தாழ்வாரத்தில் போடச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். நடுவில் போட்டால் தலைக்கு மேலிருந்து வரும் வெளிச்சம் கண்குழியில் நிழலாகத் தேங்கும். கூடவே மஞ்சள் எல்இடி பல்புகளையும் அணைக்கச் சொல்லிவிடுவேன். ஒரு கன்னம் மஞ்சள், ஒரு கன்னம் நீலம் என்று ஆகிவிட்டால் எந்த மென்பொருளாலும் முழுதாகச் சரிசெய்ய முடியாது.

என் கையில் 35 எம்எம் லென்ஸ், எஃப் 1.8. சின்னக் கூடத்துக்கு அதுவே போதும். எட்டத்திலிருந்து இழுக்கும் பெரிய லென்ஸ் வேண்டாம். ஃப்ளாஷ் கிடையாது. ஐஎஸ்ஓ 3200 வரை போனாலும் இன்றைய கேமராக்கள் தாங்கும். சத்தம் வராத எலக்ட்ரானிக் ஷட்டர் மந்திரம் ஓதும் இடத்தில் நல்லதுதான். ஆனால் சிலவகை எல்இடி வெளிச்சத்தில் படத்தின் குறுக்கே பட்டை பட்டையாகக் கோடு விழும். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் ஷட்டர் வேகத்தை 1/50, 1/100 என்று வைத்தால் பெரும்பாலும் தப்பிக்கலாம். சந்தேகமாக இருந்தால் மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறிவிடுங்கள்.

கெட்டிமேளம் கொட்டியதும் எல்லோரும் எழுந்து அட்சதை போடுவார்கள், பார்வை மறையும். பல குடும்பங்களில் முதல் முடிச்சை மாப்பிள்ளையும் மற்ற இரண்டை நாத்தனாரும் போடுவார்கள். நாத்தனார் பெண்ணுக்குப் பின்னால்தான் நிற்பார். இது தெரிந்தால் நிற்கவேண்டிய இடமும் தெரிந்துவிடும்: மணைக்கு முன்னால், ஒரு பக்கமாக, தரையோடு தரையாக. முடிச்சை எடுத்தாக வேண்டும். வீட்டார் முதலில் தேடுவது அதைத்தான். எடுத்த மறுநொடி லென்ஸைத் திருப்பிவிட வேண்டும். கல்யாணம் அப்போது சுற்றியிருக்கிற முகங்களில்தான் நடந்துகொண்டிருக்கும்.

அந்தக் கும்பகோணம் பக்கத்து வீட்டு மணப்பெண்ணுக்கு அப்பா இல்லை. அம்மா சமையலறை நிலைப்படியிலேயே நின்றுகொண்டார். முன்னால் வரக் கூடாது என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. சொல்லாமலே அப்படி ஒரு வழக்கம் நம் வீடுகளில் இருக்கிறது. அது கொடுமையான வழக்கம் என்பது என் எண்ணம். வழக்கத்தை மாற்ற நமக்கு அங்கே உரிமை இல்லாமல் இருக்கலாம். ஆனால் படத்துக்கு வெளியே அவரை நிறுத்த ஒரு கேமராவுக்கும் உரிமை இல்லை. அவர் எங்கே நிற்பார் என்று முதல் நாளே கவனித்து வைத்திருந்ததால், மணையில் மகளும் நிலைப்படியில் அம்மாவும் ஒரே படத்தில் வந்தார்கள். அந்தப் பெண் பெரிதாக்கிச் சுவரில் மாட்டக் கேட்டது அதைத்தான்.

எடுக்கக் கூடாததும் உண்டு. புறப்படும் முன் கதவைச் சாத்திக்கொண்டு அம்மாவும் மகளும் அழுதால், அது அவர்களுக்கு மட்டுமானது. யாராவது கைகாட்டி வேண்டாமென்றால் கேமரா உடனே கீழே இறங்க வேண்டும். ‘அந்தப் பக்கம் பார்த்துச் சிரிங்க’ என்று சொல்லி எடுத்துவிட்டுக் கேண்டிட் என்று பெயர் வைப்பதையும் நான் ஏற்பதில்லை. போஸ் கொடுத்த படம் போஸ் கொடுத்த படமாகவே இருக்கட்டும், அதில் குறைவில்லை.

முதலில் சொன்ன மறைந்து எடுப்பதற்கே மறுபடி வருகிறேன். பிரெஞ்சுப் புகைப்படக்காரர் கார்த்தியே-பிரெசோன் தன் லைகா கேமராவின் பளபளப்பான பாகங்களைக் கறுப்பு டேப் ஒட்டி மறைத்துவிடுவார். ஃப்ளாஷ் பக்கமே போகமாட்டார். 1950 ஏப்ரலில் ரமணரின் கடைசி நாட்களில் அவர் திருவண்ணாமலையில் இருந்து படமெடுத்தார். துக்கத்தில் இருக்கும் ஆசிரமத்தில் ஓர் அந்நியரால் படமெடுக்க முடிந்தது என்றால், டேப் மட்டும் காரணமாக இருக்க முடியாது. அங்கிருந்தவர்கள் அவரை இருக்க விட்டார்கள்.

குரூப் போட்டோவைக் கேண்டிட்காரர்கள் சிலர் இளக்காரமாகப் பார்க்கிறார்கள். சின்னக் கல்யாணத்தில் அதையும் எடுக்க நம்மைவிட்டால் வேறு ஆள் இல்லை. வந்திருப்பது முப்பது பேர்தான் என்பதால், சாப்பாடு முடிந்ததும் ஒவ்வொருவரையும் தனியாக நல்ல வெளிச்சத்தில் உட்காரவைத்து எடுத்துவிடலாம். எத்தனையோ தாத்தா பாட்டிகளுக்கு ஆதார் அட்டையில் இருப்பதைத் தவிர வேறு தனிப்படம் இல்லை.

வீட்டில் சின்னதாகக் கல்யாணம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். போட்டோகிராபரை முகூர்த்த நேரத்துக்கு வரச் சொல்லாதீர்கள். முதல் நாள் சாயங்காலமே கூப்பிட்டு, வீட்டில் எல்லோருக்கும் அறிமுகப்படுத்தி, உங்களோடு ஒரு வேளை சாப்பிட வையுங்கள். படங்கள் வந்ததும் பென்டிரைவில் போட்டு பீரோவில் வைத்துவிடாமல், வந்திருந்த ஒவ்வொருவருக்கும் அவரவர் படத்தை பிரின்ட் போட்டுக் கையில் கொடுங்கள்.

(தொடரும்)