காட்டுத் தீயும் கர்ப்பிணித் தாயும்



"ஏன் மாமா, எதிர் மலையில செவப்பாத் தெரியுதே, தீயா?"

"ஆமா புள்ளே. தை மாசம்கூட முடியல, அதுக்குள்ள புடிச்சிட்டுது. நான் போய்ப் பாத்துட்டு வரேன். நீ கதவைச் சாத்திக்கிட்டுப் படு."

கல்வராயன் மலையில் வறட்சி ஆண்டுகளில் இப்படிப் பேச்சு நடக்காத ஊர் குறைவு. பச்சைத் தழையை வெட்டிக்கொண்டு தீயை அடித்து அணைக்கப் போவது நல்ல காரியந்தான். ஆனால் அவர் மனைவிக்கு இது எட்டாம் மாதம். இந்தப் புகையில் அவளும் வயிற்றுப் பிள்ளையும் என்ன ஆவார்கள்? அதை முன்கூட்டியே இருவரும் பேசி வைக்க வேண்டும்.

வழக்கமாகக் காட்டுத் தீயின் காலம் பிப்ரவரி முதல் ஜூன் வரை. ஐப்பசி, கார்த்திகை மழை பொய்த்தால் புல்லும் சருகும் சீக்கிரமே காய்ந்து, தீயும் முந்திக்கொள்ளும். 2016-இல் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் வழக்கத்தைவிட 60 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. 2017 ஜனவரியில் மாநிலம் முழுவதுமே வறட்சி பாதித்ததாக அரசு அறிவித்தது. அப்படிப்பட்ட ஆண்டில் அணைக்காமல் போட்ட ஒரு பீடித் துண்டு போதும். தேன் எடுக்கக் கொளுத்திய பந்தமும், கொல்லையில் சருகுக்கு வைத்த நெருப்பும் அப்படியே. புது மழைக்குப் புல் நன்றாகத் துளிர்க்கும் என்று தீ வைப்பவர்களும் உண்டு. துளிர்ப்பது உண்மைதான், இளங்கன்றுகள் கருகி, அடுத்த மழையில் மேல்மண் கரைந்து ஓடுவதும் உண்மை.

நெருப்பு ஊருக்குள் வராவிட்டாலும் புகை வரும். அதில் கண்ணுக்குத் தெரியாத நுண்தூள் இருக்கிறது. தாயின் நுரையீரலுக்குள் ஆழமாகப் போகும். இந்தப் புகையை அதிகம் சுவாசிக்கும் தாய்மாருக்கு மாதம் நிறையாமலும் எடை குறைந்தும் குழந்தை பிறக்கும் வாய்ப்பு கூடுகிறது. கைக்குழந்தைகளுக்கும், மூச்சிரைப்பு உள்ள பெரியவர்களுக்கும் துன்பம்தான். ஈரத் துண்டை மூக்கில் கட்டினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். சாம்பலைத் தடுக்கும்; நுண்தூளைத் தடுக்காது. புகை சூழ்ந்த நாட்களில் வீட்டுக்குள் விறகு அடுப்பு மூட்டுவதையும் குறைத்துக்கொள்ளுங்கள். புகை விடாமல் நின்றால் கர்ப்பிணியைப் புகையில்லாத உறவினர் ஊருக்கு அனுப்பிவிடுவதே மேல்.

ஏழாம் மாதத்திலேயே கிராம சுகாதாரச் செவிலியரிடம் இதைச் சொல்லி வையுங்கள். சில மலையடிவார ஆரம்ப சுகாதார நிலையங்களில், பிரசவத்துக்கு முன்பே வந்து தங்கக் காத்திருப்பு அறைகள் உண்டு. உங்களுக்கு எது பக்கம் என்று அவரிடமே கேட்கலாம். வலி கண்ட பிறகு, தீ எரியும் பாதையில் வண்டியை எதிர்பார்த்து நிற்பது வேண்டாம்.

கணவர்மாருக்கு ஒரு வார்த்தை. தனியாகப் போகாதீர்கள், வனத்துறைக்குச் சொல்லிவிட்டுப் போங்கள். நைலான் துணி உருகித் தோலில் ஒட்டும், பருத்தி உடுத்துங்கள். சரிவில் தீ மேல்நோக்கித்தான் வேகமாக ஓடும். ஆகவே தீக்கு மேலே நிற்கவோ மேட்டைப் பார்த்து ஓடவோ கூடாது. பாறைவெளி, ஓடை, ஏற்கெனவே எரிந்து ஆறிய தரை, இவற்றைப் பார்த்து ஒதுங்குங்கள். 2018 மார்ச் 11-இல் தேனி மாவட்டம் குரங்கணி மலையில், நடைப்பயணம் போனவர்கள் காய்ந்த புல் சரிவில் தீயில் சிக்கினார்கள். 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள்.

துணியில் தீப்பற்றினால் ஓடாமல் தரையில் படுத்து உருள வேண்டும். சுட்ட இடத்தில் சுத்தமான குளிர்ந்த தண்ணீரை 20 நிமிடம் ஊற்றுங்கள். தண்ணீர்ப் பஞ்சம்தான், ஆனாலும் இதற்கு ஒரு குடம் ஒதுக்கி மூடி வையுங்கள். வீங்குமுன் வளையல், மோதிரத்தைக் கழற்றிவிட வேண்டும். மை, பற்பசை, முட்டை, சாணம் எதையும் பூசாதீர்கள், கொப்புளத்தை உடைக்காதீர்கள். துவைத்த வேட்டித் துணியால் லேசாக மூடி, 108-ஐ அழையுங்கள். முகம், கை, மூட்டு சுட்டிருந்தாலும், புகை குடித்துக் குரல் கம்மியிருந்தாலும், காயம் சிறிதாகத் தெரிந்தாலும், உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கர்ப்பிணியானால், புகை குடித்த பிறகு பிள்ளையின் அசைவு குறைந்தாலோ வயிறு இறுகி வலித்தாலோ விடியும்வரை காத்திருக்க வேண்டாம்.