கடைவீட்டு உத்திரமும் பொறியியல் மரமும்

முன்னுரை

சிங்கப்பூரில் சிராங்கூன் சாலையையும் அதன் கிளைத் தெருக்களையும் உள்ளடக்கிய லிட்டில் இந்தியா வட்டாரம், 1989ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 7ஆம் நாள் பாதுகாப்புப் பகுதியாக அரசிதழில் அறிவிக்கப்பெற்றது. அங்குள்ள கடைவீடுகளின் வண்ண முகப்புகள் எளிதில் கண்ணைக் கவர்வன. அவற்றின் பின்னே தளத்தையும் கூரையையும் தாங்கி நிற்கும் மரக்கட்டமைப்போ பார்வைக்கு எட்டுவதில்லை. அக்கட்டமைப்போடு இன்றைய தொழில்நுட்பம் எவ்வாறு இணைய வேண்டும் என்பதை இக்கட்டுரையில் நாம் விளக்க முற்படுகிறோம்.

மரபுக் கட்டமைப்பு

கடைவீட்டின் பக்கச் சுவர்கள் செங்கல்லால் ஆனவை. அண்டை வீட்டிற்கும் பொதுவானவை. ஒரு சுவரிலிருந்து மறுசுவருக்கு மர உத்திரங்கள் கிடத்தப்பெற்று, அவற்றின்மீது பலகைத் தளம் அமையும். கூரையில் சுவருக்குச் சுவர் செல்லும் விட்டங்களின்மீது கைமரங்கள் சாய்ந்து ஓட்டைத் தாங்கும். உத்திரத்திற்குக் கிடைத்த மரத்தின் நீளம் வீட்டின் அகலத்தை வரையறுத்தது. குறுகிய முகப்பும் நீண்ட உள்ளிடமும் அமைந்தமைக்கு இதுவும் ஒரு காரணமாகும்.

இவ்வமைப்பின் சிறப்புகள் இரண்டு. முதலாவது, பழுதுற்ற உறுப்பை மட்டும் நீக்கிப் புதியதைப் பொருத்த இயலும். இரண்டாவது, சுவரில் பூசிய சுண்ணாம்புச் சாந்து ஈரத்தை உறிஞ்சி மீண்டும் வெளிவிடும். மரத்தின் ஈரப்பதம் ஏறத்தாழ 20 விழுக்காட்டைக் கடந்து நீடிப்பின் பூஞ்சையும் உளுப்பும் தொடங்கும். பழஞ்சுவரின்மீது சிமெண்ட் பூசும்போது ஈரம் உள்ளேயே தங்கிவிடுகிறது. சுவருக்குள் புதைந்த உத்திரமுனையே முதலில் கெடுகிறது. கறையானும் அவ்வழியே ஏறுகிறது.

சீரமைப்பில் தொழில்நுட்பம்

இயன்றவரை பழையதைக் காத்தல், நுட்பத்துடன் மீட்டமைத்தல், கவனத்துடன் பழுதுநீக்கல் ஆகிய மூன்றையும் நகர மறுசீரமைப்பு ஆணையம் பாதுகாப்பு நெறிகளாக வகுத்துள்ளது. இந்நெறிகளுக்குத் தொழில்நுட்பம் துணைநிற்க இயலும். மெல்லிய ஊசித் துளைக்கருவி, மரத்தின் எதிர்ப்பாற்றலை அளந்து உட்புற உளுப்பைக் காட்டும். உளுத்த முனையை மட்டும் அறுத்து, புதுமரத்தை எஃகுத் தகட்டாலும் மரையாணியாலும் இணைக்கலாம். முழு உத்திரத்தையும் எறிந்துவிட வேண்டுவதில்லை.

நகரில் எழுந்த புதிய மரக்கட்டடங்கள்

நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் 2017இல் திறக்கப்பெற்ற விளையாட்டு மண்டபத்தின் கூரை, இடையில் தூணின்றி 72 மீட்டர் அகலத்தைக் கடக்கிறது. 2023இல் அங்குத் திறக்கப்பெற்ற 'காயா' கட்டடம் 43,500 சதுர மீட்டர் பரப்புடையது. சப்பானியக் கட்டடக் கலைஞர் தொயோ இத்தோவின் வடிவமைப்பில் உருவானது. சிறு பலகைகளைப் பசையால் ஒட்டிப் பெரும் உத்திரமாகவும் தளமாகவும் ஆக்கும் பொறியியல் மரமே இவற்றின் அடிப்படை. உத்திரத்தின் நீளம் இனி ஒரு தனி மரத்தின் நீளத்தைச் சார்ந்ததன்று.

மரம் தீப்பற்றாதா எனும் ஐயம் எழலாம். பருத்த உத்திரம் எரியும்போது நிமிடத்திற்குச் சுமார் 0.7 மில்லிமீட்டர் ஆழமே கரியாகிறது. அக்கரிப்படலம் உள்மரத்தைக் காக்கிறது. ஒரு மணி நேரத்தில் இழக்கக்கூடிய ஏறத்தாழ 42 மில்லிமீட்டரையும் கணக்கிட்டே உத்திரத்தின் பருமனை வகுக்கின்றனர்.

எனினும் ஈரம் பழம்பகையாகவே தொடர்கிறது. 2025இல் காயா கட்டடத்தின் மரப்பரப்புகள் சிலவற்றில் பூஞ்சை காணப்பட்டதாகச் செய்திகள் வெளிவந்தன. காற்றோட்டமும் தொடர் பராமரிப்பும் எக்காலத்து மரத்திற்கும் இன்றியமையாதவை என்பதை இது நினைவூட்டுகிறது.

சொற்களின் நிலை

சீரமைப்புப் பணி நடந்த கடைவீடு ஒன்றை மாணவருடன் நாம் பார்வையிட்டபோது, அங்கிருந்த தமிழ்த் தொழிலாளர் உத்திரம், விட்டம் இரண்டையும் 'பீம்' என்றே குறித்தனர். மாணவரும் கைமரம், கழுந்து முதலிய சொற்களை அன்றுதான் கேட்டனர். கழுந்து என்பது ஒரு மரத்தின் துளையில் செருகுமாறு மற்றொன்றில் செதுக்கிய முனை. உறுப்புகளை வேறுபடுத்தும் சொற்கள் மறையின், அவற்றின் பணியை விளக்கும் அறிவும் நம் மொழியிலிருந்து மறையும்.

முடிவுரை

முகப்பை மட்டும் நிறுத்தி உள்ளே கான்கிரீட்டை நிரப்புவது இணைப்பாகாது. ஈரம் வெளியேற வழிவிடுதல், பழுதான உறுப்பை மாற்ற இடமளித்தல் ஆகிய பழைய நெறிகளைப் புதிய கருவிகளால் நிறைவேற்றுவதே உண்மையான இணைப்பாகும். தமிழாசிரியர்கள் மாணவரைத் தேக்காவின் கடைவீடொன்றிற்கு அழைத்துச் சென்று, அண்ணாந்து நோக்கி ஒவ்வோர் உறுப்பிற்கும் பெயர் சொல்லச் செய்வார்களாயின், அதுவும் மரபுப் பாதுகாப்பின் ஒரு பகுதியே என்பது நம் கருத்து.