புளியங்கொட்டையும் டால்பினும்

அத்தை திண்ணையில் உட்கார்ந்து புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். நான் இரண்டு டம்ளர் டீயோடு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து பேப்பரைப் பிரித்தேன். நியூசிலாந்தில் மௌயி என்றொரு சின்ன டால்பின், மிச்சம் 54தான் என்று ஒரு துணுக்கு. வாசித்துக் காட்டினேன்.

“கடலுக்குள்ள கெடக்கிறத எவன் போய் எண்ணுனான்?” என்றார் அத்தை.

நியாயமான கேள்வி. அவர் பக்கத்தில் ஓலைப்பெட்டி நிறையக் கொட்டை கிடந்தது, வெற்றிலைப் பெட்டியும் இருந்தது. 30 கொட்டை எடுத்து ஒவ்வொன்றிலும் ஒரு சுண்ணாம்புப் பொட்டு வைத்தேன். காய்ந்ததும் பெட்டியில் போட்டு நன்றாகக் குலுக்கி, பார்க்காமல் 40 கொட்டை அள்ளினேன். அதில் பொட்டு வைத்தவை 6. அள்ளியதில் 40க்கு 6 என்றால் பெட்டி முழுக்க அதே விகிதம்தான் இருக்க வேண்டும். 30 பொட்டுக்கு மொத்தம் 200 கொட்டை.

அத்தை சும்மா விடுகிறவர் இல்லை. எல்லாவற்றையும் முறத்தில் கொட்டி எண்ணினார்: 183. பிறகு நான் அள்ளிய 40ஐப் புரட்டிப் பார்த்து ஒன்றைத் தூக்கிக் காட்டினார். “இதுல சுண்ணாம்பு உதிர்ந்துபோச்சு பாரு.” அதையும் சேர்த்தால் பொட்டு 7, கணக்கு 171க்கு இறங்கிவிடும். ஒரே ஒரு கொட்டையால் 29 வித்தியாசம்.

டால்பின் எண்ணுகிறவர்களின் தலைவலியும் அதுதான். டால்பினுக்கு யார் போய்ப் பொட்டு வைப்பது? அதன் முதுகுத் துடுப்பைப் படம் எடுக்கிறார்கள். சண்டையிலும் வலையிலும் கிழிந்த தழும்பே பொட்டு. நியூசிலாந்துத் தென்தீவின் பேங்க்ஸ் தீபகற்பத்தில் ஸ்டீவ் டாசன், லிஸ் ஸ்லூட்டன் என்ற ஆய்வாளர்கள் 1984 முதல் ஹெக்டர் டால்பின்களை இப்படித்தான் அடையாளம் கண்டு வந்திருக்கிறார்கள். மௌயி இந்த ஹெக்டரின் கிளையினம். வடதீவின் மேற்குக் கரையில் மட்டும் வாழ்வது. உடம்பு சின்னது, துடுப்பு காது மடல் மாதிரி உருண்டை. அந்தத் துடுப்பில் தழும்பில்லாத மொழுமொழுத்தவையே அதிகம். மொத்தமே ஐம்பது அறுபது இருக்கிற கூட்டத்தில் தழும்புள்ள சிலதை மட்டும் நம்பிக் கணக்குப் போட முடியுமா?

அதனால் மௌயியிடம் தோலைக் கேட்கிறார்கள். படகிலிருந்து ஒரு குட்டி அம்பை எய்கிறார்கள். அது முதுகில் பட்டுத் தெறிக்கும்போது துளித் தோல் அதன் முனையில் ஒட்டிக்கொண்டு வரும். அந்தத் தோலில் இருக்கும் டிஎன்ஏதான் பொட்டு. முதல் கோடையில் ஒரு முறை, அடுத்த கோடையில் இன்னொரு முறை. இரண்டிலும் வந்தவை எத்தனை என்று பார்த்துப் பெருக்கி வகுத்தால் ஆயிற்று. இந்தச் சுண்ணாம்பு உதிராது. எனக்கு இந்த வேலையிலேயே பிடித்த இடம் இதுதான்.

2010, 2011இல் எடுத்த கணக்கு 55. 2015, 2016இல் 63. 2020, 2021இல் 54. ஒரு வயது நிரம்பாத குட்டிகள் இதில் சேர்த்தி இல்லை.

“கூடி, பெறவு ஒம்போது செத்துப்போச்சா?”

அப்படிச் சொல்லிவிட முடியாது அத்தை என்றேன். பேப்பர்காரர் விட்டுவிட்ட பாதி ஒன்று உண்டு. 63 என்பது உண்மையில் 57க்கும் 75க்கும் நடுவில் எங்கேயோ. 54 என்பது 48க்கும் 66க்கும் நடுவில். இரண்டு வரம்பும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கின்றன. இரண்டு முறையும் 60ஆகவே இருந்திருக்கலாம். வரம்பைச் சொல்லாமல் நடு எண்ணை மட்டும் அச்சடிக்கிற செய்தி அரைச் செய்திதான்.

இதைவிடப் பெரிய கூத்து தென்தீவில் நடந்தது. அங்கே ஹெக்டர் ஆயிரக்கணக்கில் உண்டு. அம்பு விட்டு மாளாது. விமானத்தில் நேர்கோடு போட்டுப் பறந்து எண்ணுகிறார்கள். கோட்டுக்கு அருகில் இருப்பது கண்ணில் படும், தள்ளி இருப்பது தப்பும். எவ்வளவு தப்புகிறது என்று தூரத்தை வைத்துத் திருத்துகிறார்கள். விமானம் கடக்கும் நொடியில் முங்கிக் கிடப்பவை வேறு. அதற்கு ஹெலிகாப்டரை மேலே நிறுத்தி, டால்பின் எவ்வளவு நேரம் கண்ணில் படுகிறது என்று கடிகாரம் பிடித்துப் பார்த்தார்கள். 2000ஐ ஒட்டிய கணக்கு சுமார் 7,300. 2010களில் பறந்தபோது சுமார் 15,000.

இரட்டிப்பாகப் பெருகிவிட்டதா? ஏழு வயதை ஒட்டி முதல் குட்டி போட்டு, பிறகும் இரண்டு முதல் நான்கு ஆண்டுக்கு ஒன்று மட்டுமே ஈனுகிற உயிரைப் பற்றி அதை நம்புவதற்கில்லை. முந்தைய கணக்கு பெரும்பாலும் கரையை ஒட்டியே பார்த்தது. கிழக்குக் கரையில் பிறகு 20 கடல் மைல் வரை போனார்கள். அங்கேயும் டால்பின் இருந்தது. முறத்துக்கு வெளியே சிதறிய கொட்டையைப் பிறகுதான் பார்த்தோம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

“இம்புட்டுப் பாடு எதுக்கு?” என்றார் அத்தை. டீ ஆறிப்போயிருந்தது.

மீன் பிடிக்கிற செவுள் வலைக்காகத்தான். அதில் சிக்கினால் டால்பின் மூச்சு விட மேலே வர முடியாமல் சாகும். ஆண்டுக்கு எத்தனை சாவு வரை இனம் தாங்கும் என்று சொல்ல ஒரு சூத்திரம் இருக்கிறது. அது நடு எண்ணை எடுப்பதில்லை, வரம்பின் கீழ்ப்பக்கத்தையே எடுக்கும். நம் கணக்குப் பிசகினாலும் டால்பின் தலையில் விடியக் கூடாது என்பதற்காக. மௌயிக்கு 2012இல் போட்டுப் பார்த்தபோது வந்த விடை: 10 முதல் 23 ஆண்டுக்கு ஒரு சாவு.

அத்தை கொட்டைகளை மறுபடி பெட்டியில் அள்ளிப் போட்டார். “அப்ப ஒண்ணுகூடக் கூடாதுன்னு நேராவே சொல்லிட்டுப் போ.”