படகேறு ஏணி

படகேறு ஏணி என்பது பாய்மரப் படகு போன்ற சிறு கலங்களில், நீரில் இருப்பவர் ஏறுவதற்குப் பயன்படும் ஏணி ஆகும். நீந்தச் சென்றவர் திரும்பி ஏறுவதற்கான வசதியாகவே இது பெரும்பாலும் கருதப்படுகிறது. எனினும், தவறி விழுந்தவர் பிறர் உதவியின்றி மீண்டும் படகை அடையும் வழி என்பதே இதன் முதன்மையான பயனாகும். நீச்சல் நன்கறிந்தவரும் படகின் விளிம்பைப் பற்றியபடியே ஏற இயலாமல் களைத்துப்போவதுண்டு. நீருக்குள் உடலின் எடையை நீரே தாங்குகிறது. மேலெழும்போது உடலின் முழு எடையும், நனைந்த உடையில் தேங்கிய நீரின் எடையும் கைகளின்மேல் விழுகின்றன.

கட்டுமரமும் கண்ணாடியிழைப் படகும்

உப்பளங்களுக்குப் பெயர்பெற்ற மரக்காணம் உள்ளிட்ட சோழமண்டலக் கடற்கரையில் வழங்கிய கட்டுமரத்துக்கு ஏணி தேவைப்பட்டதில்லை. மரங்களைக் கயிற்றால் பிணைத்து அமைக்கப்படும் அதற்குப் பக்கச் சுவர் கிடையாது. மேற்பரப்பு ஏறக்குறைய நீர்மட்டத்திலேயே இருக்கும். விழுந்தவர் மரத்தின்மேல் மார்பைச் சாய்த்துக் கால்களை உதைத்து ஏறிவிடலாம். (இச்சொல்லிலிருந்து பெயர் பெற்ற மேலைநாட்டு இரட்டை உடல் பாய்மரப் படகான கேட்டமரான்களில் பலவற்றுக்குப் பின்புறத்தில் படிகளும் ஏணியும் உண்டு.)

2004 திசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் கண்ணாடியிழைப் படகுகள் இக்கரையில் மிகவும் பரவின. அலையைத் தடுக்கும் அவற்றின் பக்கச் சுவரே விழுந்தவருக்குத் தடையாகிறது. உடன் ஆள் இருந்தால் தூக்கிவிடுவார். தனியே சென்றவருக்கு அந்த வாய்ப்பில்லை. எக்கியார்குப்பம் போன்ற ஊர்களில் படகுகள் அலைகளைக் கடந்து மணலில் ஏற்றப்படுவதால், வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் நிலையான ஏணி இங்கு பொருந்தாது. அது தரையில் மோதி வளையும், வலையும் அதில் சிக்கும். சுருட்டி உள்ளே வைக்கத்தக்க கயிற்றேணியே ஏற்றது.

தேர்வு

கயிற்றேணிக்கு ஒரு குறை உண்டு. காலை ஊன்றியதும் அது படகின் அடிப்பக்கமாகச் சரிய, ஏறுபவர் மல்லாந்து தொங்க நேரிடுகிறது. படிகள் விறைப்பாகவும், கடைசிப் படி எடையுள்ளதாகவும் இருந்தால் இக்குறை ஓரளவு தணியும். துறைமுகத்தில் கட்டி வைக்கப்படும் பாய்மரப் படகுகளுக்கு மடக்கும் உலோக ஏணி மேலானது. அமரம் எனப்படும் பின்பகுதியில் அதனைப் பொருத்துவதே வழக்கம். ஆயினும் பேரலையில் அமரம் எழுந்து விழுகையில் நீரிலிருப்பவரின் தலையில் மோதக்கூடும். இயந்திரப் படகாயின் ஏறுமுன் இயந்திரத்தை நிறுத்துவது இன்றியமையாதது.

ஏணி நீருக்குள் எவ்வளவு இறங்குகிறது என்பதே பெரிதும் கவனிக்கத்தக்கது. நீர்மட்டத்தோடு முடியும் ஏணியில் முழங்காலை மார்புவரை உயர்த்தாமல் கால் வைக்க முடியாது. அமெரிக்கப் படகு மற்றும் பாய்க்கல மன்றத்தின் தரம், கடைசிப் படி நீர்மட்டத்துக்குக் கீழே குறைந்தது 22 அங்குலம் (ஏறத்தாழ 56 செ.மீ.) இருக்க வேண்டும் என்கிறது. நீரிலிருப்பவரே தனியாக ஏறுவழியை எட்டவோ இறக்கவோ இயல வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் 2013ஆம் ஆண்டுப் பொழுதுபோக்குக் கலங்களுக்கான நெறிமுறை கூறுகிறது. மேலே மடித்துக் கட்டப்பட்ட ஏணி விழுந்தவருக்கு இல்லாத ஏணியே. ஆதலால் கீழிருந்து இழுத்தால் அவிழும் கயிறு ஒன்று தொங்கவிடப்படுகிறது. ஏணியை இறக்காமல் கடலில் குதித்தவர்களின் கதையே 2006இல் வெளிவந்த 'ஓப்பன் வாட்டர் 2: அட்ரிஃப்ட்' திரைப்படம்.

பொருத்துதல்

உப்புக்காற்றில் எல்லா எவர்சில்வரும் நிலைப்பதில்லை. சமையற் பாத்திரங்களில் காணப்படும் 304 வகை எஃகில் குளோரைடினால் குழியரிப்பு ஏற்படும். 2 முதல் 3 விழுக்காடு மாலிப்டினம் சேர்ந்த 316 வகை அதனை நன்கு தாங்குகிறது. அதற்குரிய மரையாணிகளும் அதே வகையாக இருத்தல் வேண்டும்.

ஏறுபவரின் எடை ஆணிகளை வெளிநோக்கி இழுப்பதால், திருகாணிகள் போதா. சுவரை ஊடுருவும் மரையாணிகளைச் செலுத்தி, உட்புறம் அகன்ற தாங்குதகடு வைத்து முடுக்க வேண்டும். சில படகுகளில் இரு கண்ணாடியிழை அடுக்குகளுக்கு இடையே மென்மரமோ நுரையோ இருக்கும். அங்கு துளையைப் பெரிதாக்கி, எப்பாக்சிப் பிசினால் நிரப்பி, அது இறுகியபின் மீண்டும் துளையிடுவர். இல்லையேல் துளைவழி கசியும் நீரால் உள்மரம் உளுத்து, வெளியே உறுதியாகத் தோன்றும் ஏணி சுவரோடு பெயர்ந்து வரக்கூடும்.

பொருத்திய ஏணியை அமைதியான நீரில், முழு உடையுடனும் உயிர்காப்பு அங்கியுடனும் ஒருவர் தனியே இறக்கி ஏறிப் பார்த்துச் சோதிப்பது வழக்கம்.