ராமானுஜனுக்குத் தப்பிய கணக்கு

பதின்மூன்று லட்டுகளைக் குழந்தைகளுக்குச் சமமாகப் பங்கிட்டுப் பாருங்கள். ஒரே குழந்தையானால் சரி. பதின்மூன்று பேரானாலும் சரி. மற்றப்படி உடைக்காமல் நடக்காது! இப்படி எதற்கும் மசியாத எண்களுக்குப் பகா எண்கள் என்று பெயர். நூறுக்குள் 25 இருக்கின்றன, ஆயிரத்துக்குள் 168, பத்து லட்சத்துக்குள் 78,498. போகப் போக அருகிவிடும். ஆனால் அற்றுப் போவதில்லை.

எந்த வேகத்தில் அருகுகின்றன? ஜெர்மனியில் காஸ் என்ற சிறுவன், 1792-ஆம் ஆண்டு வாக்கில், லாகரிதம் வாய்பாட்டை வைத்துக்கொண்டு இதற்கு ஒரு மதிப்பீடு கண்டான். அதன்படி கூட்டினால் பத்து லட்சத்துக்குள் சுமார் 130 தான் அதிகம் வருகிறது. மளிகைக் கடைக்காரர் கணக்கு இவ்வளவு சரியாக இருந்தால் நாம் வாய் திறப்போமா?

1913 ஜனவரி 16. சென்னைத் துறைமுக டிரஸ்ட் ஆபீஸில் ஆண்டுக்கு 20 பவுன் சம்பளம் வாங்கிய குமாஸ்தா ராமானுஜன், கேம்பிரிட்ஜிலிருந்த ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். பகா எண்களின் தொகையை அநேகமாகப் பிசகே இல்லாமல் சொல்லும் சூத்திரம் தம்மிடம் இருப்பதாக அதில் கண்டிருந்தது.

ஹார்டியும் நண்பர் லிட்டில்வுட்டும் ஆராய்ந்தார்கள். சூத்திரம் தப்பு! சிறிய எண்களுக்கு அபாரமாகப் பலித்தது; எண் பெரிதாகப் பெரிதாகப் பிசகும் பெருகியது. ஜீட்டா சார்பு என்று ஒன்று உண்டு. அது கலப்பெண்களில் எங்கெங்கே பூஜ்யமாகிறதோ, அதைப் பொறுத்தது இந்தப் பிசகு என்று ரீமான் 1859-லேயே காட்டியிருந்தார். கும்பகோணத்தில் கிடைத்த புத்தகங்களைக் கொண்டு தாமே படித்தவருக்கு அது எட்டவில்லை.

ராமானுஜனின் வெற்றிகளைவிட இந்தத் தோல்வியே ஒரு விதத்தில் அதிசயமானதோ என்று ஹார்டி பின்னால் எழுதினார். வாஸ்தவந்தானே? ஐரோப்பா நூறு வருஷம் கூடி இழுத்த தேரைத் தனி ஆளாகத் தெருமுனை வரை கொண்டு வந்துவிட்டாரே!

லிட்டில்வுட் அடுத்த ஆண்டே ஒரு வேடிக்கையைக் கண்டுபிடித்தார். அட்டவணைகளிலெல்லாம் அதிகமாகவே வரும் காஸின் மதிப்பீடு, எங்கோ தொலைவில் உண்மைக்குக் குறைந்தும் போகும் என்று நிரூபித்தார். 317 இலக்கமுள்ள எண்களிடையே அப்படி ஓர் இடம் இருப்பது வெகுநாள் கழித்து நிச்சயமாயிற்று.

ராமானுஜனும் பகா எண்களை விட்டுவிடவில்லை. 1-க்கு மேற்பட்ட எந்த எண்ணுக்கும் அதன் இரட்டிப்புக்கும் நடுவே ஒரு பகா எண் கட்டாயம் உண்டு. ரஷ்யரான செபிஷேவ் நிரூபித்திருந்த இந்த விஷயத்துக்கு, 1919-ல் இரண்டே பக்கத்தில் புது நிரூபணம் தந்தார். 11 முதல் எந்த எண்ணை எடுத்தாலும் அதன் பாதிக்கு மேல் இரண்டாவது இருக்கும். 17 முதல் மூன்று. 29 முதல் நான்கு. 41 முதல் ஐந்து. மறு ஆண்டு ஏப்ரலில், 32 வயதில், அவர் காலமானார். 2, 11, 17, 29, 41 என்று செல்லும் அந்த வரிசைக்கு இன்று ராமானுஜன் பகா எண்கள் என்று பெயர்.