கண்டக்டர் கையில் அரசாணை

ஐயப்பன்தாங்கலில் இருந்து பிராட்வே போகும் 26ஆம் எண் பேருந்து போரூரைத் தாண்டும்போது உள்ளே ஒரு தனிப் போக்குவரத்து தொடங்கிவிடும். முன்படியில் ஏறியவர் பத்து ரூபாய்த் தாளைப் பக்கத்தில் நிற்பவரிடம் நீட்டி, "வடபழனி ஒண்ணு, பாஸ் பண்ணுங்க" என்பார். தாள் நாலைந்து கை மாறி, பின்படியை ஒட்டிய இருக்கையில் உட்கார்ந்திருக்கும் கண்டக்டரிடம் போய்ச் சேரும். சீட்டும் மிச்சக் காசும் வந்த வழியே திரும்பி வரும். எது யாருடைய பணம் என்று எழுதி வைப்பவர் யாருமில்லை. தவறிப்போவதும் அபூர்வம். மதுரையிலும் கோவையிலும் கண்டக்டர் கூட்டத்துக்குள் நுழைந்து நம்மிடம் வருவார். சென்னையில் காசுதான் கண்டக்டரைத் தேடிப் போகும்.

இது அரசாணை போட்டு வந்த வழக்கமல்ல. நெரிசல் நேரத்தில் நகர முடியாத பேருந்தில், பின்படியையும் கவனித்துக்கொண்டு, விசிலும் ஊதிக்கொண்டு, அடுத்த ஸ்டேஜ் வருவதற்குள் எல்லோருக்கும் சீட்டுக் கொடுத்தாக வேண்டிய ஒருவர் உட்கார்ந்த இடத்தில் இருந்து செய்யப் பழகியது. பயணிகளும் கூடச் சேர்ந்து பழகிக்கொண்டார்கள். சம்பளம் வாங்காத துணைக் கண்டக்டர்கள் என்று அவர்களைச் சொல்லலாம்.

2024இல் யூபிஐ வசதியோடு புதிய டிக்கெட் கருவிகள் வரத் தொடங்கின. பல்லாவரம் பணிமனையில் ஆரம்பித்து மற்றப் பணிமனைகளுக்கும் பரவின. சில்லறைத் தகராறு தீரும் என்று எல்லோரும் எதிர்பார்த்தோம். தீரவும் செய்தது. மிச்சம் நாலு ரூபாயைச் சீட்டின் பின்னால் எழுதிக் கொடுத்துவிட்டு, இறங்கும்போது வாங்கிக்கொள்ளச் சொல்வதும், நாம் மறந்து இறங்கிப் போவதும் குறைந்திருக்கிறது. ஆனால் கருவியின் திரையில் தெரியும் கியூஆர் குறியீட்டை முன்படியில் நிற்பவர் எப்படி ஸ்கேன் செய்வது? பத்து ரூபாய்த் தாளை நாலு பேர் கையில் கொடுத்து அனுப்பலாம். பதினைந்தாயிரம் ரூபாய் போனை அனுப்ப முடியுமா? அதனால் காலை எட்டரை மணி நெரிசலில் போன்காரர் கூட்டத்தைப் பிளந்து பின்னால் வர வேண்டும், அல்லது கண்டக்டர் எழுந்து முன்னால் போக வேண்டும். இரண்டும் முடியாதபோது, "சில்லறையா குடுத்துடுண்ணா, நெட்டு சுத்துது" என்ற குரல் கேட்கிறது. கருவியைத் தேர்ந்தெடுத்தவர்கள் பணம் எப்படிக் கணக்கில் ஏறும் என்று யோசித்திருக்கிறார்கள். பேருந்துக்குள் பணம் எந்த வழியாக நடந்து போகிறது என்பது அவர்கள் கண்ணில் படவில்லை.

2025 ஜனவரியில் சிங்காரச் சென்னை அட்டை மாநகரப் பேருந்துகளுக்கு வந்தது. செப்டம்பரில் 'சென்னை ஒன்று' செயலி வந்தது. அட்டையை வேண்டுமானால் கை மாற்றலாம். செயலியில் சீட்டெடுத்தவர் அதை எடுத்துக் காட்டினால் போதும். ஆக, கூட்டத்துக்குள் எது எளிதாகக் கைமாறுகிறதோ, எது கண்டக்டரை எழுந்திருக்க வைக்கவில்லையோ அதுதான் நிலைக்கும் என்பது என் கணிப்பு. சிறப்புச் சலுகையும் விளம்பரமும் கொஞ்ச நாளைக்குத்தான் இழுக்கும்.

அமெரிக்க அரசியல் அறிஞர் மைக்கேல் லிப்ஸ்கி 1980இல் தெருமட்ட அதிகாரிகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். காவலர், ஆசிரியர், நலத்திட்ட ஊழியர் போன்றவர்கள் மேலிருந்து வரும் கொள்கையை அப்படியே நிறைவேற்றுவதில்லை. வேலைப்பளுவுக்கு நடுவே அவர்கள் எடுக்கும் சின்னச் சின்ன முடிவுகளும் கண்டுபிடிக்கும் குறுக்குவழிகளும் சேர்ந்ததுதான் மக்களைப் பொறுத்தவரை கொள்கை என்பது அவர் வாதம். லிப்ஸ்கியைப் படிக்காமலே இதைத் தெரிந்துகொள்ள ஐயப்பன்தாங்கல் பேருந்து நிலையத்தில் அரை மணி நேரம் நின்றால் போதும்.

மகளிர் கட்டணமில்லாப் பயணத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2021 மே 7 அன்று முதல்வராகப் பதவியேற்ற மு.க. ஸ்டாலின் அன்றைக்கே கையெழுத்திட்ட ஆணைகளில் அது ஒன்று. மறுநாளே நடைமுறைக்கு வந்தது. மே 10இல் கொரோனாவால் முழு ஊரடங்கு. பேருந்துகள் நின்றன. ஜூன் 21 அன்று சென்னையில் மீண்டும் ஓடத் தொடங்கியபோது பெண்கள் ஏறினார்கள், இறங்கினார்கள், அவ்வளவுதான். சீட்டுக் கிடையாது. எத்தனை பேர் ஏறினார்கள் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. எண்ணிக்கை இல்லாமல் மாநகரப் போக்குவரத்துக் கழகத்துக்கு அரசு எந்தக் கணக்கில் பணம் தரும்? ஜூலையில்தான் பெண்களுக்கும் திருநங்கையருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் தனித்தனியாகக் கட்டணமில்லாச் சீட்டு அச்சடித்துக் கொடுத்தார்கள். டெல்லியில் 2019 அக்டோபர் 29இல் இதே திட்டம் தொடங்கியபோது முதல் நாளே இளஞ்சிவப்புச் சீட்டும் இருந்தது. இங்கே அந்த யோசனை வரச் சில வாரங்கள் ஆயின.

சீட்டு வந்த பிறகும் அதை வாங்க வைப்பது கண்டக்டர் பாடு. நிலையத்தில் புறப்படக் காத்திருக்கும் வண்டியில் இந்தப் பேச்சைக் கேட்கலாம்.

"அக்கா, சீட்டு வாங்கிக்கோங்க."

"ஃப்ரீதானே தம்பி, எதுக்குச் சீட்டு?"

"நீங்க ஏறுனது கணக்குல வர வேணாமா? புடிங்க."

அந்த அக்கா அதைச் சுருட்டிக் கைப்பைக்குள் போட்டுக்கொள்வார், அல்லது ஜன்னல் கம்பி இடுக்கில் செருகிவிடுவார். ஆனால் அந்தத் துண்டுச் சீட்டு பல்லவன் சாலையில் இருக்கும் தலைமையகத்தின் கணக்கையே மாற்றியிருக்கிறது. கழகம் 1972இல் பல்லவன் போக்குவரத்துக் கழகமாகப் பிறந்த நாளில் இருந்து ஒரு தடம் நன்றாக ஓடுகிறதா என்பதற்கு ஒரே அளவுகோல் வசூலாகத்தான் இருந்தது. கிழிக்கப்பட்ட பூஜ்ய ரூபாய்ச் சீட்டுகள் வந்த பிறகுதான் எத்தனை பேர் ஏறினார்கள் என்பது வசூலுக்கு நிகரான கணக்காயிற்று. மானியம் அதை வைத்து வருகிறது. இந்தத் திட்டத்தால் ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு சொன்னதை அரசு மேடைக்கு மேடை பெருமையாகச் சொல்லி வந்தது. அந்தப் பெருமைக்கு அடியில் உட்கார்ந்தபடியே சீட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கும் கண்டக்டருக்கு யாரும் மாலை போட்டதாகத் தெரியவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கர்நாடகத்தில் 2023 ஜூனில் சக்தி திட்டம் தொடங்கியபோது, அந்த மாநிலத்தவர் என்பதற்கு அடையாள அட்டையைக் காட்டினால்தான் இலவசச் சீட்டு என்றார்கள். ஒவ்வொரு சீட்டுக்கும் ஒரு சோதனை. நம் கண்டக்டர் ஆதார் கேட்பதில்லை. வெள்ளைப் பலகை போட்ட சாதாரணக் கட்டண வண்டியா, ஏறியவர் பெண்ணா, அதோடு முடிந்தது. இரண்டு அரசுகளின் நோக்கமும் ஒன்றுதான். ஆனால் அட்டை கேட்கும் அந்த ஐந்து நொடி, சந்தேகத்தோடு பார்க்கும் வேலையைக் கண்டக்டர் தலையில் கட்டிவிடுகிறது. தமிழ்நாட்டுத் திட்டம் சிக்கலில்லாமல் வேரூன்றியதற்கு அந்த ஐந்து நொடி இல்லாமல் போனது ஒரு முக்கியக் காரணம் என்றே நினைக்கிறேன்.

எல்லாம் இனிப்பாக நடக்கவில்லை. ஓட்டுநருக்கும் கண்டக்டருக்கும் சம்பளத்தோடு வசூலை ஒட்டிய படியும் உண்டு. காசு கொடுக்காத பயணி ஏறினால் வேலை கூடும், படி கூடாது. இந்தக் கணக்கு மனசுக்குள் ஓடும்போது, நிறுத்தத்தில் பெண்கள் மட்டும் நின்றால் வண்டி நாலடி தள்ளிப் போய் நிற்பதும், நிற்காமலே போவதும், "ஓசிதானே, அடுத்ததுல வா" என்ற பேச்சும் வரத்தான் செய்தன. நிறுத்தத்தில் நிறுத்துங்கள், மரியாதையாகப் பேசுங்கள் என்று சுற்றறிக்கை அனுப்ப வேண்டியதாயிற்று. சுற்றறிக்கை நாக்கைக் கொஞ்சம் அடக்கும். காலையில் இருந்து இரவு வரை ஓடும் கணக்கை மாற்ற வேண்டுமானால் ஏற்றிய தலைக்குப் படி என்று எழுத வேண்டும்.

போக்குவரத்துத் தொழிற்சங்கங்களிடம் ஒரு போராட்ட முறை உண்டு. விதிப்படி வேலை. வேலையை நிறுத்துவதில்லை, விதிப்புத்தகத்தில் உள்ளபடி ஒன்று விடாமல் செய்வது. ஒரு விளக்கு எரியாத வண்டியை எடுப்பதில்லை, படியில் ஒருவர் தொங்கினாலும் நகர்த்துவதில்லை. அன்றைக்கு ஊர் ஸ்தம்பிக்கும். ஒரு நிறுவனம் விதியால் எவ்வளவு ஓடுகிறது, ஆட்களின் பழக்கத்தால் எவ்வளவு ஓடுகிறது என்பது அன்றைக்குத்தான் வெளியே தெரியும்.

இதைப் புரிந்துகொண்ட இடங்களும் பக்கத்திலேயே இருக்கின்றன. பாடியில் இருந்த சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு 1998இல் தர மேலாண்மைக்கான ஜப்பானின் டெமிங் பரிசை வென்றது. இந்தியாவில் அதைப் பெற்ற முதல் நிறுவனம். அம்பத்தூர் தொழிற்பேட்டை ரானே பிரேக் லைனிங்குக்கு 2003இல் அதே பரிசு. அந்தப் பரிசுக்குச் சோதிக்க வருபவர்கள் இயந்திரத்தின் விலையைப் பார்ப்பதில்லை. கருவி எங்கே வைக்கப்படுகிறது, பழுதை முதலில் பார்த்தவர் எங்கே எழுதுகிறார், எழுதியதற்கு யார் பதில் சொல்கிறார், அடுத்த முறை வேலை எப்படி மாறியது என்று தளத்தில் இருப்பவரையே கேட்பார்கள். தொழிற்சாலை வேறு, பேருந்து வேறு என்பது உண்மை. ஒரே கூரைக்குள் இருப்பவர்களைக் கவனிப்பதும் ஊரெல்லாம் சிதறி ஓடும் ஆயிரக்கணக்கானவர்களைக் கவனிப்பதும் ஒன்றல்ல. ஆனாலும், சாலைக்கு வரும் முன் ஒரு புதிய கருவியைப் பத்துக் கண்டக்டரிடம் கொடுத்து நெரிசல் நேரத்தில் ஓட்டிப் பார்க்க டெமிங் பரிசு தேவையில்லை.

இப்போது இதைவிடப் பெரிய மாற்றம் வந்துகொண்டிருக்கிறது. 2025 ஜூன் 30 அன்று வியாசர்பாடியில் 120 மின்சாரப் பேருந்துகளோடு ஒரு புதிய ஏற்பாடு தொடங்கியது. முதல் கட்டத்தில் 625 பேருந்துகள், ஐந்து பணிமனைகள். நம் பக்கத்துப் பூந்தமல்லியும் அதில் ஒன்று. வண்டியும் ஓட்டுநரும் ஒப்பந்த நிறுவனத்தைச் சேர்ந்தவை, அதற்குக் கிலோமீட்டர் கணக்கில் பணம். கண்டக்டர் மட்டும் கழகத்தின் ஆள். புகையில்லை, சத்தமில்லை, தாழ்தளம். வயதானவர்களுக்கு ஏற எளிது. குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் ஓட்டுநரும் கண்டக்டரும் ஒரு ஜோடியாக ஓட்டிய வண்டி இது. ஒரு விசிலுக்கு நிற்பது, இரண்டுக்குக் கிளம்புவது என்பது பாடத்தில் உள்ளது. சீட்டுக் கொடுத்து முடியவில்லை என்று தெரிந்தால் ஸ்டேஜுக்கு முன்னால் ஓட்டுநர் வேகத்தைக் குறைப்பது, ஓடிவரும் பாட்டியைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு இரண்டு நொடி தாமதிப்பது, கடைசி நடையில் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுப்பது எல்லாம் ஒரே பணிமனையில், ஒரே சங்கத்தில், ஒரே டீக்கடையில் வருடக்கணக்கில் ஊறி வந்தவை. இரண்டு முதலாளிகளுக்கு வேலை செய்யும் இருவர் ஒரே வண்டியில் ஏறும்போது பாட்டிக்காக நிற்கும் இரண்டு நொடி யார் கணக்கில் சேரும்? நிறுத்தத்தைத் தாண்டினால் அபராதம் என்று ஒப்பந்தத்தில் எழுதலாம். ஓடிவருபவருக்காகக் காத்திருக்க வேண்டும் என்று எந்த ஒப்பந்தத்தில் எழுதுவது? அந்த இருவரும் நாளடைவில் தங்களுக்குள் ஒரு வழக்கத்தை உண்டாக்கிக்கொள்வார்கள். அது நல்ல வழக்கமாக அமையுமா என்பதில்தான் 625 பேருந்துகளின் பெயர் இருக்கிறது.

மவுண்ட் – பூந்தமல்லி சாலையின் நடுவே எழுந்திருக்கும் தூண்களுக்கு மேல் 2025இலேயே மெட்ரோ ரயிலைப் போரூர் வரை ஓட்டிச் சோதித்துவிட்டார்கள். ஐயப்பன்தாங்கலுக்கும் காட்டுப்பாக்கத்துக்கும் தனித்தனி நிலையங்கள். மெட்ரோ வருவதால் இந்தப் பகுதிப் பேருந்துத் தடங்களை மாற்றி வரைந்தே ஆக வேண்டும். எதைக் குறைப்பது, எதை இணைப்புப் பேருந்தாக்குவது, பரணிபுத்தூர், கொளுத்துவாஞ்சேரி பக்கம் எத்தனை சிற்றுந்து விடுவது என்பதெல்லாம் மேசையில் முடிவாகும். புதிய டிக்கெட் கருவி யார் எந்த நிறுத்தத்தில் ஏறி எதுவரை சீட்டெடுத்தார் என்பதைச் சொல்லிவிடும். சீட்டெடுத்த இடத்துக்கு முன்னாலேயே இறங்கி ஷேர் ஆட்டோ பிடிப்பவரையும், வண்டி நிரம்பி வழிவதால் ஏறாமலே நின்றுவிடுபவரையும் அந்தக் கருவிக்குத் தெரியாது. கண்டக்டருக்கும் டைம் கீப்பருக்கும் தெரியும். தடங்களை மாற்றுவதற்கு முன் போக்குவரத்துக் கழகமும், சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமமான கும்டாவும் ஐயப்பன்தாங்கல் பணிமனைக்கு வந்து அவர்களை உட்கார வைத்துக் கேட்க வேண்டும். மெட்ரோ திறப்பு விழாவுக்குப் பிறகு கேட்பதில் பயனில்லை.